பறக்கவிடும் முன்: ட்ரோன் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்விகள்

கல்யாண வீடியோவுக்காக ட்ரோன் வாங்கியவன் நான். இப்போது மாதத்தில் பாதி நாள் வயலில் மருந்தடிக்கும் ட்ரோனோடு கழிகிறது. எங்கே பெட்டியைத் திறந்தாலும் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். "அண்ணாச்சி, இது என்ன விலை?" என்பது முதல் கேள்வி. அதற்குப் பிறகு வருகிற கேள்விகளையும், நான் சொல்லிவருகிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். விதி என்று சொல்வதெல்லாம் இந்தியாவின் ட்ரோன் விதிகள், 2021. அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று அரசிதழில் வந்தவை, பிறகு சில முறை திருத்தப்பட்டவை.

ட்ரோன் ஓட்ட லைசென்ஸ் கட்டாயமா?

எடையையும் வேலையையும் பொறுத்தது. எடை என்றால் பேட்டரி, கேமரா, தொட்டியில் ஊற்றிய மருந்து எல்லாம் சேர்த்துத் தரையை விட்டுக் கிளம்பும்போது உள்ள மொத்த எடை. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் பெரியது.

நானோவுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவை ஆசைக்கு ஓட்டினால் வேண்டாம், காசுக்கு ஓட்டினால் வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டும். 2022 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு விதியில் 'லைசென்ஸ்' என்ற சொல் போய் 'சான்றிதழ்' வந்துவிட்டது. பேச்சில் இன்னும் லைசென்ஸ்தான்.

வயலில் நீங்கள் பார்க்கும் 10 லிட்டர் தொட்டி ட்ரோன், மருந்து நிரப்பிய பிறகும் 25 கிலோவுக்குள் நிற்கும். அதற்கு மேல் போனால் அடுத்த வகுப்பு, அடுத்த பயிற்சி என்று செலவு ஏறும் என்பதால் செய்கிறவர்கள் கணக்காகத்தான் செய்கிறார்கள்.

249 கிராம் ட்ரோனுக்கு ஒரு விதியும் கிடையாதாமே?

கடைக்காரர் அப்படித்தான் சொல்வார். பைலட் சான்றிதழ் வேண்டாம், வகைச் சான்றிதழ் (அந்த ட்ரோன் மாடலுக்கு அரசு தரும் ஒப்புதல்) வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டாம். இந்த மூன்றும் உண்மை. ஆனால் பறக்கத் தடையுள்ள சிவப்பு மண்டலம் நானோவுக்கும் சிவப்புதான். விமானத்துக்கு வழிவிடுவதும், ஆளுக்கோ பொருளுக்கோ ஆபத்து வராமல் ஓட்டுவதும் 249 கிராமுக்கும் பொருந்தும். தனி அடையாள எண் வாங்கிப் பதிந்துகொள்ளவும் வேண்டும். கட்டணம் 100 ரூபாய்.

இன்னொரு சங்கதி. பெட்டிமேல் 249 என்று போட்டிருக்கும். இறக்கை விரலில் படாமல் இருக்க ஒரு வளையம் வாங்கி மாட்டுவீர்கள், கேமராவுக்கு ஒரு கண்ணாடி, அதிக நேரம் பறக்கும் பெரிய பேட்டரி. அப்போதே அது நானோ இல்லை. மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கால் கிலோ என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் லாஸ் ஏஞ்சலஸ் கதையைச் சொல்வேன். 2025 ஜனவரியில் அங்கே பாலிசேட்ஸ் காட்டுத்தீ எரிந்தபோது, கடலில் தண்ணீர் அள்ளித் தீயில் கொட்டும் விமானம் ஒன்று கனடாவின் கியூபெக்கிலிருந்து உதவிக்கு வந்திருந்தது. தீயைப் படம்பிடிக்க ஆசைப்பட்ட ஒருவர், வாகன நிறுத்தக் கட்டடத்தின் உச்சியிலிருந்து சின்ன ட்ரோன் ஒன்றை இரண்டரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பினார். கண்ணுக்கு எட்டாத தூரம். அது விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. ஊரே எரியும்போது அந்த விமானம் பழுதுபார்க்கத் தரையில் நின்றது. ஓட்டியவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

பைலட் சான்றிதழ் எப்படி வாங்குவது?

வயது 18 முதல் 65 வரை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. டிஜிசிஏ என்கிற விமானப் போக்குவரத்து இயக்ககம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் படித்துத் தேர்ச்சி பெற வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள், கிராமத்துப் பிள்ளைகள் அங்கேயே திரும்பிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் அதைத் தளர்த்தி வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவை போதும் என்றாக்கியது நல்ல காரியம்.

தமிழ்நாட்டில் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வான்வெளி ஆராய்ச்சி மையம் ட்ரோன் விஷயத்தில் நாடறிந்த இடம். மாநில அரசே 2022-ல் ஆளில்லா விமானங்களுக்கென்று ஒரு கழகம் தொடங்கிப் பயிற்சியும் தருகிறது. தனியார் நிலையங்கள் நிறைய. சேரும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: "தினமும் எத்தனை நிமிஷம் என் கையில் ரிமோட் இருக்கும்?" வகுப்பில் உட்கார்ந்து கேட்பது எளிது. ட்ரோனின் மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பியதும் இடம் வலமாக, வலம் இடமாக மாறிவிடும். அதற்குக் கை பழக வேண்டும். கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யப் பழகிய மாதிரி, சொல்லி வராது.

எங்கே பறக்கலாம், எங்கே கூடாது?

அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இந்திய வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டி இருக்கிறது. பதிவு வேலைகள் டிஜிசிஏவின் இஜிசிஏ தளத்துக்குப் போய்விட்டன. வரைபடத்துக்கு டிஜிட்டல் ஸ்கைதான். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவில் இந்த உயரம் பாதியாகி 200 அடி. மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட எழும்பக் கூடாது.

விமான நிலையம் என்றதும் மீனம்பாக்கம், மதுரை, திருச்சி, கோவை மட்டும்தான் பலருக்கு ஞாபகம் வரும். சூலூர், தஞ்சாவூர், தாம்பரத்தில் விமானப்படைத் தளங்கள், அரக்கோணத்தில் கடற்படைத் தளம். ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளியில் இன்னொரு கடற்படை விமானத் தளம், பெயரே 'பருந்து'. பாம்பன் பாலத்தைப் படமெடுக்கும் ஆசையில் வழியில் காரை நிறுத்தி "சும்மா ஒரு தடவை ஏத்திப் பார்ப்போம்" என்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கல்பாக்கம், கூடங்குளம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வரைபடம் பச்சையாக இருந்தாலும் வேறு துறையின் அனுமதி தேவைப்படும் இடங்கள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையின் கையில். காப்புக்காடும் சரணாலயமும் வனத்துறையின் கையில். வேடந்தாங்கலில் கூடு கட்டும் பருவத்தில் ட்ரோன் ஏற்றுகிறவருக்குச் சட்டம் சொல்லும் தண்டனையைவிடக் கூடுதலாகவே கொடுக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

நிறம் நிலையானதும் இல்லை. பெரிய தலைவர் வருகிறார், தேரோட்டம், கலவரம் என்றால் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. நேற்றுப் பார்த்த பச்சை இன்றைக்குச் செல்லாது. பறக்கும் அன்று காலையில் பாருங்கள்.

400 அடி என்பது எங்கிருந்து கணக்கு?

ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து. திரையில் தெரியும் எண்ணோ நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்து. இரண்டும் ஒன்றாக இருப்பது சமவெளியில் மட்டும்தான். கொடைக்கானலில் பள்ளத்தாக்கு விளிம்பில் நின்று நேராக முன்னே தள்ளினால் திரை 30 மீட்டர் என்று காட்டிக்கொண்டே இருக்கும், கீழே தரை பல நூறு மீட்டர் இறங்கிவிட்டிருக்கும். திரும்பி மலைச்சரிவைப் பார்த்து வரும்போது கதை நேர்மாறு: திரையில் அதே 30, ஆனால் மரம் எதிரில் நிற்கும்.

கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் அனுபவத்தில் ட்ரோன் வானத்தில் கெடுவதைவிடத் தரையில், கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் கெடுவதுதான் அதிகம்.

ஆரம்ப காலத்தில் ஒரு முகூர்த்தம். மாப்பிள்ளை காரில் வந்து இறங்கப்போகிறார், "சீக்கிரம், சீக்கிரம்" என்று கீழேயிருந்து சத்தம். நான் மண்டபத்து மொட்டைமாடியில். மாடி கட்டி முடியாதது, தூணுக்கு விட்ட கம்பிகள் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ட்ரோனை வைத்தேன். திசைகாட்டியில் கோளாறு என்று திரையில் சிவப்பாக வந்தது. தொட்டு அழித்துவிட்டு ஏற்றினேன். பத்தடி எழும்பியதும் ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி வட்டம் போட ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டம் பெரிதாகிறது. நான் ரிமோட் குச்சியை விட்டால் நிற்க வேண்டும், நிற்கவில்லை. கடைசியில் பக்கத்து ஓட்டு வீட்டுக் கூரையில் போய் இறங்கியது. நாலு ஓடு உடைந்தது. வீட்டுக்கார ஆச்சி திட்டவில்லை. "உள்ள பிள்ளை தூங்குதுய்யா" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

நடந்தது இதுதான். ட்ரோன் தான் எங்கே இருக்கிறோம் என்பதை ஜிபிஎஸ் மூலமும், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதைத் திசைகாட்டி மூலமும் தெரிந்துகொள்கிறது. இரும்புக் கம்பி பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி பொய் சொல்லும். ஜிபிஎஸ் "கிழக்கே நகர்ந்துவிட்டாய்" என்கிறது, ட்ரோன் மேற்கே போவதாக நினைத்து வேறு எங்கோ போகிறது. அதைத் திருத்தப் போய் இன்னொரு பிழை. அதுதான் அந்த வட்டம். ஆகவே கார் பானெட், கான்கிரீட் மாடி, இரும்பு மேடை, சாக்கடை மூடி இவற்றின் மேலிருந்து கிளம்பாதீர்கள். மண்தரை நல்லது.

அடுத்தது ஹோம் பாயிண்ட். சிக்னல் போனாலோ பேட்டரி இறங்கினாலோ ட்ரோன் தானாகத் திரும்பி வரும் இடம் அது. போதுமான செயற்கைக்கோள்கள் கிடைத்த பிறகுதான் அந்த இடம் சரியாகப் பதிவாகும். அந்த அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள்.

திரும்பி வரும் உயரத்தையும் நீங்கள்தான் வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து வரும்போது இருக்கும் உயரம் நம் ஊரை நினைத்து வைத்தது இல்லை. நல்ல நெட்டைத் தென்னையே 25 மீட்டர் இருக்கும், செல்போன் கோபுரம் அதற்கும் மேல். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி, ஏறக்குறைய 72 மீட்டர். சுற்றிலும் எது உயரமோ அதற்கு மேல் 15, 20 மீட்டர் வையுங்கள்.

கம்பிகளை வானத்தில் தேடாதீர்கள், கேமராவிலும் தெரியாது. தரையில் கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் கண்ணில் பட்டால் நடுவே கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ரூமுக்குப் போகும் லைன் தாழ்ந்து தொங்கும், கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி சாய்ந்து நிற்கும். வயலென்றால் வரப்பு வழியாக ஒரு சுற்று நடந்துவிடுகிறேன். ஒரு ஏக்கருக்கு ஐந்து நிமிஷம்தான்.

காற்று எவ்வளவு தாங்கும்?

சின்னக் கேமரா ட்ரோன்கள் பெரும்பாலும் விநாடிக்கு 10 மீட்டர் காற்று வரை நிற்கும் என்று போட்டிருப்பார்கள். கீழே துண்டு மெல்ல அசைகிறது என்றால் 100 மீட்டர் மேலே அதைவிட வேகமாக வீசும். பலர் மாட்டிக்கொள்வது போகும்போது இல்லை, வரும்போது. போகையில் காற்று தள்ளிவிடும், பேட்டரி இறங்காது, சந்தோஷமாக இருக்கும். திரும்புகையில் எதிர்க்காற்று. எனவே முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பி வரக் காற்று உதவட்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு பக்கம் ஆனி, ஆடியில் சின்ன ட்ரோனை நான் எடுப்பதே இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில் 249 கிராம் எம்மாத்திரம்? காற்றாலை வைக்கத் தேடிப் பிடித்த இடம் ட்ரோனுக்கு ஏன் ஆகாது என்று கேட்கவும் வேண்டுமா?

வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் லாபமா?

நேரத்திலும் தண்ணீரிலும் லாபம். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் கலந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று டேங்க் முதுகில் சுமக்க வேண்டும். ட்ரோனில் 10 லிட்டர், ஏழெட்டு நிமிஷம். சேற்றில் இறங்க வேண்டாம், பயிர் மிதிபடாது, பாம்புக்கடி பயமில்லை. இறக்கைக் காற்று இலையைப் புரட்டிவிடுவதால் அடிப்பகுதி வரை துளி இறங்கும். ஆள் கிடைக்காத நாளில் இதன் அருமை தெரியும்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். 200 லிட்டரில் கரைக்கும் மருந்தை 10 லிட்டரில் கரைத்தால் ஒவ்வொரு துளியும் அந்த அளவுக்குக் கடுமை. கலக்குகிறவர் கையுறையும் முகமூடியும் போட்டே ஆக வேண்டும். சட்டைத் தோளால் மூக்கை மூடிக்கொண்டு கலக்கிய காலம் இதற்கு ஒத்துவராது. துளி பொடியாக இருப்பதால் காற்றில் நகரும். பக்கத்து வயலில் மல்பெரி இருந்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு மொத்தமாகப் போய்விடும். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோட்டுக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பருத்திக்குப் பக்கத்தில் 2,4-டி களைக்கொல்லி அடிக்கவே கூடாது, சாரல் பட்டாலே இலை சுருண்டுவிடும். தேனீப் பெட்டி, மீன் குளம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பக்கத்து வயல்காரருக்கு முதல் நாளே சொல்லிவிட்டு, விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும்போது பயிருக்கு மேலே இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில் ஓட்டுவதுதான் முறை. பத்து மணிக்கு மேல் என்னைக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அதனால் சில வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள்.

வாங்குவதற்கு மானியம் உண்டு. மத்திய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலின, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதம், உச்சவரம்பு 5 லட்சம். மற்ற விவசாயிகளுக்கு 40 சதவீதம், 4 லட்சம் வரை. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கென்று 2023 நவம்பரில் வந்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 80 சதவீதம், 8 லட்சம் வரை. ஆனால் வாங்குவதோடு செலவு முடியாது. ஒரு ஜோடி பேட்டரி ஒன்று, ஒன்றரை ஏக்கரோடு ஓய்ந்துவிடும், அரை டஜன் ஜோடியும் வயலுக்கே கொண்டுபோக ஜெனரேட்டரும் வேண்டும். சொந்தத்துக்கு மூன்று ஏக்கர் மட்டும் வைத்திருப்பவர் வாங்காதீர்கள், வாடகைக்குக் கூப்பிடுங்கள்.

கும்பாபிஷேகத்தில் ட்ரோனில் தீர்த்தம் தெளிக்கிறார்களே, நாமும் செய்யலாமா?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் விஷயம், தெளிக்க வருகிற ட்ரோன் பெரும்பாலும் மருந்தடிக்கிற ட்ரோன். நேற்று நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்த தொட்டியில் இன்று புனித நீர் ஊற்றி, அண்ணாந்து வாயைத் திறந்து நிற்கும் ஜனங்கள்மேல் தெளிப்பதா? தொட்டியைக் கழுவினாலும் குழாயிலும் முனைகளிலும் மருந்து தங்கும். மருந்தே படாத தனித் தொட்டி, தனிக் குழாய், தனி முனை இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். கேட்டால் ட்ரோன்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

இரண்டாவது, இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றைக் கூட்டத்தின் தலைக்கு மேல் கொண்டுபோவது. ஒரு மோட்டார் நின்றால் நாலு இறக்கை ட்ரோன் கல் மாதிரி விழும். கோயில் சுவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே கயிறு கட்டி ஆளில்லாத ஓர் ஓடைபோல விட்டு, அதன் மேல் மட்டும் ஓட்டினேன். காற்று துளியைக் கூட்டத்துப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. காவல் நிலையத்திலும் கோயில் நிர்வாகத்திலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன்.

மூன்றாவது, கருடன். கலசத்தில் நீர் ஊற்றும் நேரம் மேலே கருடன் வட்டமிட வேண்டும் என்று மொத்தக் கூட்டமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே வானத்தில் உங்கள் ட்ரோன் இரைந்துகொண்டிருந்தால் பறவை ஒன்று விலகிப் போகும், இல்லையென்றால் நகத்தை நீட்டிக்கொண்டு பாயும். இரண்டாவது தடவை ஒரு பெரியவர் வந்து, "தம்பி, கருடன் வந்து போனப்புறம் ஏத்துப்பா" என்றார். பறவைக்கும் நல்லது, ட்ரோனுக்கும் நல்லது.

கல்யாணத்தில் விருந்தினர் தலைக்கு மேல் பறக்கலாமா?

வேண்டாம். பக்கவாட்டில் நின்று சாய்வாக எடுங்கள், படமும் நன்றாக வரும். இறங்கும் இடத்தைச் சுற்றி மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி நாலைந்தை வளைத்துப் போட்டுவிடுவேன், இல்லையென்றால் குழந்தைகள் ட்ரோனைப் பிடிக்க ஓடிவருவார்கள். கையில் பிடித்து இறக்குவது பார்க்க ஸ்டைல்தான். விரலில் தையல் போட்ட நண்பர்கள் எனக்கு இரண்டு பேர்.

வெள்ளம், விபத்து, யானை என்றால் வீடியோ எடுத்து உதவலாமே?

2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவு போட்டார்கள். அந்த ஹெலிகாப்டர் தாழத்தான் பறக்கும், ட்ரோன் பறக்கும் அதே உயரத்தில். உங்களிடம் ட்ரோனும் சான்றிதழும் இருந்தால் வட்டாட்சியரிடமோ காவல் நிலையத்திலோ போய்ச் சொல்லுங்கள், தேவையானால் அவர்கள் கூப்பிடுவார்கள். தன்னிச்சையாக ஏற்றினால் உதவி இல்லை, இடைஞ்சல்.

யானைக்கும் அப்படித்தான். 2023 மே மாதம் கம்பத்துக்குள் அரிக்கொம்பன் புகுந்தபோது ஒரு யூடியூபர் ட்ரோன் பறக்கவிட்டார். சத்தத்தில் யானை மிரண்டு ஓடியது, அவர் கைதானார். யானைக்குத் தேனீ என்றால் ஆகாது, ட்ரோன் இரைச்சலும் அந்த ஜாதி. தான்சானியாவில் பயிரில் புகும் யானையை விரட்டவே ட்ரோன் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் விரட்டுவது என்று தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு மாடிக்கு மேல் ஒரு ட்ரோன் வந்து நிற்கிறது. கல்லெறியலாமா?

எறிந்தால் விழுவது உங்கள் மாடியிலேயேதான். உடைந்த லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும், பொருளைச் சேதப்படுத்தியதாக வழக்கும் வரலாம். நேரத்தைக் குறியுங்கள், செல்போனில் வீடியோ எடுங்கள், அது எந்தப் பக்கம் திரும்பிப் போகிறது என்று பாருங்கள். ஓட்டுகிறவர் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் நிற்பார். 112-க்குச் சொல்லுங்கள். பெண்களை அந்தரங்கமான நிலையில் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ம் பிரிவில் குற்றம். கேமரா கையில் இருந்ததா வானத்தில் இருந்ததா என்பது கணக்கில்லை.

துபாயிலிருந்து மச்சான் ஒரு ட்ரோன் வாங்கி வருகிறார்...

வேண்டாம் என்று இப்போதே போன் செய்துவிடுங்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு வேலைகளுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு. உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை. சுங்கப் படிவத்தில் ட்ரோன் இருக்கிறதா என்று தனியாகவே கேட்பார்கள். மறைத்தாலும் பிடித்துவைப்பார்கள். தப்பி வந்தாலும், 250 கிராமுக்கு மேல் என்றால் வகைச் சான்றிதழ் இல்லாமல் அடையாள எண் கிடைக்காது. எண் இல்லாத ட்ரோன் அலமாரி பொம்மைதான்.

பேட்டரி உப்பிவிட்டது, இன்னும் ஓடுகிறது. ஓட்டலாமா?

கூடாது. வானத்தில் திடீரென்று கைவிடும், அல்லது சார்ஜ் போடும்போது எரியும். உப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் வைத்திருப்பதும், வெயிலில் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் பாதிச் சார்ஜில் வையுங்கள். விமானத்தில் போகும்போது கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் இறக்கிவிடுவார்கள்.

விழுந்து யாருக்காவது அடிபட்டுவிட்டால்?

முதலில் ஆளைப் பாருங்கள், ட்ரோனை அல்ல. விபத்து என்றால் 48 மணி நேரத்துக்குள் இணையதளம் வழியாக விமானப் போக்குவரத்து இயக்ககத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், மோட்டார் வாகனத்துக்கு இருக்கிற மாதிரியே. விதியை மீறியதற்கு மட்டும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அடிபட்டவர் போடும் வழக்கு அதற்கு மேல் தனி.

போலீஸ்காரர் வந்து ட்ரோனை இறக்கச் சொன்னால்?

இறக்குங்கள். பிறகு அடையாள எண், பைலட் சான்றிதழ், காப்பீடு, அன்று காலை எடுத்த வரைபட ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் காட்டிப் பேசுங்கள். பச்சை மண்டலத்தில் அனுமதி வேண்டாம் என்பது சரிதான், ஆனால் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சட்டம் பேசினால் ட்ரோனும் நிற்காது, பேச்சும் நிற்காது. நான் இப்போதெல்லாம் புது ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் ஒரு தகவல் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்கிறேன். சட்டம் கேட்பதில்லை, நிம்மதிக்கு.

இலங்கைக்குக் கொண்டுபோனால் இந்தியப் பதிவு செல்லுமா?

செல்லாது. அங்கே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை தனி, விதி தனி. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோனுக்குத் தடையே போட்ட நாடு அது. டிக்கெட் எடுக்கும் முன் அவர்கள் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் "ஒண்டும் கேக்க மாட்டினம்" என்று சொன்னாலும்.

பையன் எட்டாம் வகுப்பு. ட்ரோன் கேட்டு அழுகிறான். வாங்கித் தரலாமா?

கேமரா இல்லாத, உள்ளங்கை அளவு ட்ரோன் ஆயிரம், இரண்டாயிரத்தில் கிடைக்கும். இறக்கையைச் சுற்றிக் கூண்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஜிபிஎஸ் இல்லாததால் அது தானாக நிற்காது, விட்ட பக்கம் ஓடும். அதில் பழகிய கைதான் நல்ல கை. ஃபேனை நிறுத்திவிட்டு, கூடத்திலேயே ஓட்டட்டும். டிவியை மட்டும் ஒரு போர்வையால் மூடிவிடுங்கள்.